கிளட்ச் சுவிட்ச் போனால்: கழுவலாமா, மாற்றலாமா, டைரக்ட் கொடுக்கலாமா?

வடபழனி சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்சைக் கொஞ்சம் வேகமாக விட்டுவிட்டேன், பைக் ஆஃப் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நடப்பதுதான், கிளட்சைப் பிடித்தபடியே செல்ஃப் ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் அடுத்த நொடி கிளம்பிவிடலாம். தட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தட்டினேன், இல்லை. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து, அதற்குப் பின்னால் எத்தனை ஆட்டோக்களோ, எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்க, நான் காலால் கியரை மேலும் கீழும் தட்டி நியூட்ரலைத் தேடிப் பிடித்தேன். மீட்டரில் பச்சை நியூட்ரல் விளக்கு எரிந்த பிறகு செல்ஃபைத் தட்டினால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லாதது போல முதல் அடியிலேயே எடுத்தது.

நியூட்ரலில் எடுக்கிறது, கியரில் கிளட்ச் பிடித்து அடித்தால் எடுக்கவில்லை. இந்த அறிகுறி வந்தாலே பெரும்பாலும் கிளட்ச் லிவருக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரல்நுனி அளவுச் சுவிட்சைத்தான் சந்தேகப்பட வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்டார்ட்டர் ரிலேவை இயக்கும் மின்னோட்டத்துக்கு வண்டியில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று நியூட்ரல் சுவிட்ச் வழியாக, இன்னொன்று கிளட்ச் சுவிட்ச் வழியாக. இரண்டில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும், ரிலே வேலை செய்யும், மோட்டார் சுற்றும். கியரில் இருக்கும்போது நியூட்ரல் வழி அடைபட்டிருக்கும், அதனால் கிளட்ச் சுவிட்ச் ஒன்றுதான் கதி.

இது கெட்டுப்போனால் வீட்டிலேயே செய்ய நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எதுவும் செய்யாமல் நியூட்ரலிலேயே ஸ்டார்ட் செய்து ஓட்டலாம், சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் முறுக்கி டைரக்ட் கொடுக்கலாம், சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், புதிது வாங்கி மாட்டலாம், புதிது கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக் கடைகளில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வாங்கி ஒட்டுப்போடலாம். எல்லாவற்றையும் வெவ்வேறு வண்டிகளில் நானே செய்து பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுத்தம் செய்து பாருங்கள், சரியாகவில்லை என்றால் ஒரிஜினல் சுவிட்சை வாங்கி மாட்டுங்கள். டைரக்ட் மட்டும் நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சுவிட்ச்தான் குற்றவாளியா என்று உறுதிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் கடைக்குப் போய்ச் சுவிட்ச் வாங்கி வந்து மாட்டி, அப்புறமும் எடுக்காமல் தலையில் கைவைத்தவர்கள் பலர். நியூட்ரலில் செல்ஃப் நன்றாக எடுக்கிறது என்றால் பேட்டரி, ஃபியூஸ், ரிலே, மோட்டார், என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் எல்லாம் சரி, அவற்றைத் தொடவே வேண்டாம். அடுத்த சந்தேகம் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். சைடு ஸ்டாண்ட் போட்டுக் கியர் மாற்றினால் ஆஃப் ஆகிற வகை வண்டி என்றால், அதன் சைடு ஸ்டாண்ட் சுவிட்சும் இதே செல்ஃப் வழியில்தான் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், அது கெட்டாலும் கியரில் செல்ஃப் எடுக்காது. பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, சைடு ஸ்டாண்டை முழுதாக மடக்கிவிட்டு, கிளட்ச் பிடித்து முதல் கியர் போடுங்கள். அந்த நொடியிலேயே என்ஜின் அணைந்தால் கோளாறு ஸ்டாண்ட் சுவிட்சில். அணையாமல் ஓடினால் கிளட்ச் பக்கம் பாருங்கள்.

கிளட்ச் பக்கம் என்றேனே தவிர, சுவிட்ச் என்று இன்னும் முடிவுகட்டவில்லை. லிவரைப் பாருங்கள். எப்போதாவது வண்டி விழுந்து லிவர் வளைந்திருக்கிறதா, அல்லது அழகுக்காக வெளியில் வாங்கிய லிவரை மாட்டியிருக்கிறீர்களா? சுவிட்சின் நடுவில் ஒரு சின்னக் குச்சி துருத்திக்கொண்டிருக்கும், லிவர் ஓய்வாக இருக்கும்போது லிவரின் அடிப்பகுதி அந்தக் குச்சியை அழுத்திக்கொண்டிருக்கும், லிவரைப் பிடித்ததும் குச்சி வெளியே வரும். பல வண்டிகளில் அமைப்பு இதுதான். வெளி லிவர்களில் அந்த அழுத்தும் பகுதி ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால்கூடச் சுவிட்ச் குழம்பிவிடும். கேபிள் துருப்பிடித்து லிவர் முழுதாகத் திரும்பி வராவிட்டாலும் இதே கதைதான்.

அப்புறம் ஒயர். ஹேண்டில்பாரை இடதும் வலதுமாக ஒவ்வொரு முறையும் திருப்பும்போது, ஹெட்லைட்டுக்குப் பின்னால் கழுத்துப் பகுதியில் ஒயர் கட்டு மடங்கி நிமிர்கிறது. நாலைந்து வருடம் ஓடிய வண்டியில் மேல் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். கியரில் கிளட்ச் பிடித்தபடி, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிச் செல்ஃப் அடியுங்கள், எடுக்கவில்லை என்றால் இன்னொரு பக்கம் திருப்பி அடியுங்கள். ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் எடுக்காவிட்டால் சுவிட்ச் பாவம், ஒயர்தான் குற்றவாளி.

கடைசியாக மல்டிமீட்டர். 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, சுவிட்ச் பக்கம் இருக்கும் இரண்டு முனைகளில் மீட்டர் கம்பிகளை வைத்து, பீப் சத்தம் வரும் இடத்தில் மீட்டரைத் திருப்பி, லிவரைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிடித்தால் பீப், விட்டால் அமைதி. சிலவற்றில் தலைகீழாக இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், லிவரை அசைக்கும்போது நிலை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். எப்போதும் அமைதி என்றால் உள்ளே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. எப்போதும் பீப் என்றால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, இது இன்னும் மோசம். பத்துத் தடவையில் மூன்று தடவை மட்டும் வேலை செய்தால் உள்ளே அழுக்கு, அது கழுவினால் போகிற நோய். மீட்டர் இல்லையா, பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் சுற்றி, பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாகக் கொடுத்துப் பாருங்கள், எரிவதும் அணைவதும் அதே செய்தியைச் சொல்லும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

ஒன்றும் செய்யாமல் நியூட்ரலிலேயே எடுத்து ஓட்டுவது செலவில்லாத வழி. சுவிட்ச் தொடர்பு விட்டுப்போன நிலையில் கெட்டிருந்தால் இதில் ஆபத்து குறைவு, ஏனென்றால் வண்டி கியரில் எடுக்கவே எடுக்காது. கிக்கர் இருக்கும் வண்டிக்கு இன்னும் வசதி, கிளட்ச் சுவிட்சுக்கும் கிக்கருக்கும் சம்பந்தம் கிடையாது, பல வண்டிகளில் கியரில் கிளட்ச் பிடித்து உதைத்தால் எடுத்துவிடும். ஆனால் இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் கிக்கரே இல்லை. மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஆஃப் ஆகி, பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நியூட்ரலும் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டால்தான் தெரியும். சில பெரிய வண்டிகளில் நியூட்ரலில் இருந்தாலும் கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அங்கே இந்த வழிக்கே இடமில்லை. ஒரு வாரம், பத்து நாள் சமாளிக்கலாம். அவ்வளவுதான்.

டைரக்ட். சாலையோர மெக்கானிக்கிடம் போய் நிறுத்தினால் முதலில் காதில் விழும் வார்த்தை இதுதான்: “இதுக்குப் போய் ஏன் தம்பி செலவு பண்ற, டைரக்ட் குடுத்துடறேன், அஞ்சு நிமிஷம்.” கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கம் வரும் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவார். கிளட்ச் எப்போதும் பிடித்தே இருக்கிறது என்று வண்டி நம்பிக்கொள்ளும். பணம் கிட்டத்தட்டச் செலவில்லை, பிறகு அந்தச் சுவிட்சால் ஒரு தொல்லையும் வராது, மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை, அவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, வாடிக்கையாளர் அவசரத்தில் இருக்கிறார், வண்டி ஓட வேண்டும்.

என் முந்தைய வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்கு முன்பே யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது, கிளட்ச் பிடித்து ஸ்டார்ட் செய்கிற பழக்கம் என்பதால் தெரிந்துகொள்ளவும் வாய்ப்பில்லை. அந்த வண்டிக்குச் சைடு ஸ்டாண்ட் சுவிட்சும் கிடையாது. எங்கள் வீட்டு வாசல் கொஞ்சம் சரிவு, வண்டி உருளக் கூடாது என்று எப்போதும் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், சாவி வண்டியிலேயே, ஆன் ஆகி இருந்திருக்கிறது. அண்ணன் பையன், அப்போது ஆறு வயது, பக்கத்தில் நின்று ஹாரனைத் தேடி ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்ஃப் பட்டனில் கை பட்டது. வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்தது, சைடு ஸ்டாண்ட் தானாக மடங்கியது, நூற்று நாற்பது கிலோவும் அவன் நின்ற பக்கமாகச் சாய்ந்தது. நான் கேரியரைப் பிடித்து இழுத்ததில் முழுதாக விழவில்லை, ஃபுட்ரெஸ்ட் சிமெண்ட் தரையில் கீறிக்கொண்டு நின்றது. அந்தக் கீறலுக்கும் அவன் கால் விரல்களுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவன் அழவில்லை, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தான்.

அன்று இரவே ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தேன், முறுக்கி டேப் சுற்றிய இரண்டு ஒயர் உள்ளே இருந்தது. டேப்பின் பசை வெயிலில் உருகிக் கறுப்பாக வழிந்திருந்தது.

அந்தச் சுவிட்ச் வேலை செய்திருந்தால் பையன் பட்டனை நூறு முறை அழுத்தியிருந்தாலும் வண்டி அசைந்திருக்காது. சாவியை விட்டது என் தப்புதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வீடு என்றால் சாவி வண்டியில் இருக்கும், குழந்தை இருக்கும், வண்டியை நகர்த்தி வைக்கிறேன் என்று அப்பா வருவார், ஓட்டத் தெரியாத தங்கை உட்கார்ந்து பார்ப்பாள். ஓட்டுகிறவருக்குக் கிளட்ச் பிடிக்கிற பழக்கம் இருக்கிறது, அவருக்கு இந்தச் சுவிட்ச் பெரிதாகத் தேவைப்படாது. மற்றவர்களுக்காகத்தான் அது இருக்கிறது. பண விஷயத்தில் டைரக்ட் ஜெயிக்கும், நேரத்திலும் ஜெயிக்கும், ஆனால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது யார் என்பது நம் கையில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு நம் ஊர் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், அவற்றை நிர்வகிப்பது ஈசியூ என்ற சின்னக் கணினி. சில மாடல்களில் கிளட்ச் சுவிட்சின் தகவல் அந்த ஈசியூவுக்கும் போகிறது. ஆக்சிலரேட்டரைப் பிடிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் உள்ள வண்டிகள் பலவற்றில் கிளட்சைத் தொட்டதும் அது விடுபடுவதும் இதே சுவிட்சால்தான். டைரக்ட் கொடுத்தால் ஈசியூவுக்குப் போவது பொய்த் தகவல், க்ரூஸ் ஆனே ஆகாமல் போகலாம். மூன்று ஒயர் வரும் சுவிட்ச் என்றால் எதை எதோடு முறுக்குவது என்று ஊகித்துச் செய்யவே செய்யாதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டிவிட்டு நாளைக்கு வேறு மின்கோளாறுக்குப் போய் நின்றால் என்ன கேள்வி வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டைரக்டுக்கு இடமே இல்லையா என்றால், ஒரே ஒரு இடம் இருக்கிறது. கிளட்ச் பிடித்தால்தான் எடுக்கும் வகை வண்டி, அல்லது நியூட்ரல் சுவிட்சும் சேர்ந்து போய்விட்ட வண்டி, இரவு நேரம், நெடுஞ்சாலை, மழை. அப்போது கனெக்டரின் இரண்டு துளையிலும் ஒரு ஊக்கையோ சின்ன ஒயர்த் துண்டையோ வளைத்துச் செருகி வீடு வந்து சேருங்கள். ஒயரை வெட்ட வேண்டாம், செருகியதைப் பிடுங்கினால் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வழியில் கியரில் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சாவி வளையத்தில் எச்சரிக்கை அடையாளமாக ஒரு துணியை முடிந்து வையுங்கள், மறுநாள் காலையில் சாவியை எடுப்பது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது சுத்தம் செய்வது. வீட்டில் செய்ய எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. செலவு, ஒரு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. வேண்டியது ஸ்குரூடிரைவர், 10 நம்பர் ஸ்பேனர், ஒரு வெள்ளைத் துணி, அரைமணி நேரப் பொறுமை. இக்னிஷனை அணைத்துப் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். லிவரின் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி, போல்ட்டை மேலே எடுத்து, கேபிள் அட்ஜஸ்டரின் வெட்டுகளை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து கேபிளை விடுவித்தால் லிவர் கையோடு வந்துவிடும். சில வண்டிகளில் லிவரைக் கழற்றாமலே சுவிட்ச் வரும். சுவிட்ச் இரண்டு வகையாக மாட்டப்பட்டிருக்கும்: சிறு ஸ்குரூவில் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் நாக்கு உள்ளே கொக்கி போட்டிருக்கும். நாக்கு வகைக்கு, அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாக மெல்லிய ஸ்குரூடிரைவரால் நாக்கை அழுத்திக்கொண்டே சுவிட்சை இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், நாக்கு முறியும், அப்புறம் நல்ல சுவிட்சைக்கூட மாட்ட முடியாது. கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

வடபழனியில் நின்ற வண்டியின் சுவிட்சை நான் வெளியே எடுத்தபோது குச்சியைச் சுற்றி மண்ணும் கிரீசும் சேர்ந்து கறுப்புக் களி மாதிரி ஒரு வளையம். முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் அதை எடுத்தேன். பிறகு ஸ்பிரேயின் குழாயைக் குச்சியின் இடுக்கில் வைத்து அடித்து, குச்சியை முப்பது நாற்பது தடவை அழுத்தி விட்டேன், உள்ளிருந்து பழுப்பாக வடிந்தது. மறுபடி அடித்து மறுபடி அழுத்தினேன், மூன்றாவது தடவை தெளிவாக வந்தது. காயவைத்து மீட்டரில் பார்த்தால் இப்போது பத்துக்கு ஏழு. போதாது.

பிரித்துப் பார்க்கலாம் என்று முடிவுசெய்தேன். எல்லாச் சுவிட்சும் பிரிக்கிற மாதிரி இருக்காது, சிலவற்றை ஒட்டி மூடியிருப்பார்கள், அதை வம்படியாகத் திறந்தால் உடையும். என்னுடையது கிளிப் வகை. சாப்பாட்டுத் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்துத்தான் திறந்தேன், ஏனென்றால் உள்ளே அரிசி நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கும், அது துள்ளிப் போனால் கிடைக்காது. துள்ளியது, துணியில் விழுந்தது. உள்ளே இரண்டு செம்புத் தகடு, அவற்றின் மேல் நகர்ந்து வந்து இணைக்கும் ஒரு பித்தளைத் துண்டு. ஒரு தகடு பளபளவென்று இருந்தது, இன்னொன்றில் பச்சைக் களிம்பு, பழைய கோயில் மணியில் பிடித்திருக்குமே அதே பச்சை. இந்தக் கடுகளவுக் களிம்புக்காகத்தான் அன்று சிக்னலில் அத்தனை பேர் ஹாரன் அடித்தார்கள். தேய்ந்துபோன உப்புத்தாள் ஒன்றில் மெதுவாக இரண்டு இழுப்பு, அதற்கு மேல் தேய்க்கவில்லை. சில சுவிட்சுகளில் தொடும் முனைக்கு வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள், அது போய்விட்டால் களிம்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கிளீனர் அடித்துத் துடைத்து மூடினேன். பத்துக்குப் பத்து.

இரண்டு எச்சரிக்கை. பெட்ரோலில் ஊறப்போடாதீர்கள், சில பிளாஸ்டிக் கெடும், வீட்டுக்குள் நெருப்பு ஆபத்தும் இருக்கிறது. டபிள்யூடி-40 அடித்தாலும் உடனே வேலை செய்யும், தண்ணீரை வெளியேற்றும், ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் பிசுக்கில் நம் ஊர்த் தூசி வந்து உட்காரும். கான்டாக்ட் கிளீனர் என்றால் ஆவியாகிவிடும், எதுவும் மிஞ்சாது.

இது எத்தனை நாள் தாங்கும்? எனக்கு எட்டு மாதம் தாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் மறுபடி தகராறு. களிம்பு ஏறிய தகடு புதிது போல ஆகிவிடாது, கடல்காற்று அடிக்கும் ஊரில் இன்னும் சீக்கிரம் திரும்பும். வாட்டர் சர்வீஸ் விடும்போது பிரஷர் தண்ணீரை ஹேண்டில்பாரில் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அது மட்டுமே பாதி நோயைத் தடுக்கும். ஆகவே சுத்தம் என்பது நல்ல முதல் மருந்து. பத்துக்கு மூன்று என்று வேலை செய்யும் சுவிட்சுக்கு இது போதும், குச்சி முறிந்தோ ஸ்பிரிங் இற்றோ போனதற்கு இது பயன்படாது. உள்ளே ஒட்டிக்கொண்டு எப்போதும் பீப் அடிக்கிற சுவிட்சைக் கழுவிச் சரியானாலும் நான் நம்ப மாட்டேன், மறுபடி ஒட்டினால் வெளியே தெரியாது. நேராகப் புதிது.

புதிது வாங்குவதில் ஒரிஜினலா லோக்கலா என்ற கேள்வி வரும். நான் இரண்டையும் வாங்கியிருக்கிறேன், லோக்கல் 60 ரூபாய், ஒரிஜினல் 180. மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது லோக்கலின் குச்சி நகத்தின் கனம் அளவுக்குக் குட்டை, லிவர் அதைச் சரியாக அழுத்தவில்லை, மாட்டும்போதே நாக்கும் முறிந்தது. 120 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 60 வீணானது. இது ஒரு கடையில் வாங்கிய ஒரு சுவிட்சின் கதைதான், எல்லா லோக்கலும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் இந்தப் பொருளில் மில்லிமீட்டர் கணக்கு இருக்கிறது, விலை வித்தியாசமோ இரண்டு சாப்பாட்டுக் காசு. ஒரிஜினலுக்கே போங்கள். சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் தேடலாம், இல்லாவிட்டால் கம்பெனி ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் சேசிஸ் நம்பரைச் சொன்னால் சரியான பாகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். எங்கே போனாலும் பழைய சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒயர் எத்தனை, கனெக்டர் வடிவம், குச்சி நீளம், மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் மாற்றியிருப்பார்கள்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். கனெக்டர் சுவிட்சிலேயே இருந்தால் பத்து நிமிடம். ஒயரோடு வரும் வகை என்றால் ஹெட்லைட் வரை கொண்டுபோக வேண்டும், பழைய ஒயர் போன பாதையிலேயே விட்டு, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டும் முன் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி ஒயர் விறைக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுப்போட வேண்டி வந்தால் முறுக்கி, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறும் டேப் நம் வெயிலுக்கு நிற்காது, முன்னே சொன்ன ஹெட்லைட்டுக்குள் பார்த்தேனே.

மைக்ரோ சுவிட்ச் ஒட்டு, உற்பத்தி நின்றுபோய்ப் பாகம் கிடைக்காத பழைய வண்டிக்கு மட்டும். ரிச்சி தெருவில் 5 ஆம்பியர் சுவிட்ச் சில்லறை விலைக்குக் கிடைக்கும், அந்த அளவு தாங்கும், ஏனென்றால் இதன் வழியாகப் போவது ரிலேவின் சுருளுக்கான மின்னோட்டம் மட்டும்தான், மோட்டார் இழுக்கும் பெரிய மின்னோட்டம் இந்தப் பக்கமே வராது. இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று: லிவர் ஓய்வில் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கிறது, பிடித்தால் விடுகிறது. அதனால் ஒயரை காம் (பொது முனை), என்.சி. (அழுத்தாதபோது சேர்ந்திருப்பது) என்று போட்ட முனைகளில் கொடுக்க வேண்டும், என்.ஓ. (அழுத்தினால் சேர்வது) முனையில் கொடுத்தால் கிளட்ச் பிடிக்காதபோது செல்ஃப் எடுக்கும், பிடித்தால் எடுக்காது. தண்ணீர் புகாத சுவிட்ச் இல்லை என்பதால் அடுத்த மழைக்குள் திரும்ப ஒரு முறை பார்க்க நேரும்.

இதற்கெல்லாம் நேரம் இல்லை என்றால் மெக்கானிக்கிடமே கொடுங்கள், தப்பே இல்லை. “அண்ணே, டைரக்ட் வேண்டாம், வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, சுவிட்சை மாத்தியே குடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காரணம் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. பழைய சுவிட்சைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றியதற்கு அதுதான் சாட்சி.

யார் சரிசெய்தாலும் சோதனை ஒன்றுதான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், அது இல்லாத வண்டி என்றால் சைடு ஸ்டாண்டை மடக்கி ஏறி உட்கார்ந்து, முன்னால் யாரும் இல்லாத இடத்தில், முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் கியர் போட்டு, கிளட்சைத் தொடாமல் செல்ஃபை ஒரு தட்டு தட்டுங்கள். சத்தமே வரக் கூடாது. பிறகு கிளட்ச் பிடித்துத் தட்டினால் உடனே எடுக்க வேண்டும். கடைசியாக, கிளட்ச் பிடித்தபடி ஹேண்டிலை இடதும் வலதும் திருப்பி ஒவ்வொரு முறை. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர்கள், டயரையும் செயினையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள், முப்பது நொடிதான் ஆகும்.

போன கார்த்திகையில் புதுச் சுவிட்ச் மாட்டியதும் வாசலில் வைத்து இதைச் செய்தேன். அண்ணன் பையன் பக்கத்தில் இருந்தான், இப்போது அவனுக்குப் பதினோரு வயது. அவனையே பட்டனைத் தட்டச் சொன்னேன். முதல் கியர், கிளட்ச் பிடிக்கவில்லை, பிரேக்கில் என் கை. தட்டினான். வண்டி அசையவில்லை. “போச்சா சித்தப்பா?” என்றான். “இல்லடா, இப்பதான் சரியாயிருக்கு” என்று சொல்லிச் சாவியை எடுத்துப் பையில் போட்டேன்.